சைகோனில் மாதா அனுப்பிய ஆள்

மாதாவின் பிள்ளைகளாகிய உங்கள் எல்லோருக்கும் பாண்டிச்சேரி உப்பளத்திலிருந்து செசிலியாவின் வணக்கம். கட்டின புருஷனை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிப் போக வழி தெரியாமல் அந்நிய ஊரில் அலைந்தவள் நான். உள்ளே அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அன்று எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் நன்றி கெட்டவள்.

அது 1958, பள்ளிக்கூட விடுமுறைக் காலம். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு வாத்தியார். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் வியட்நாமின் சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்கள். அந்த ஊர்க் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த மனுஷர், ஆயுசில் ஒரு தடவையாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அந்த ஆசை நிறைவேறியது. கொழும்பு போய்க் கப்பல் ஏறினோம். சைகோனில் சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கினோம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்களான புருஷனும் பெண்சாதியும் காலையில் கடை திறக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பகலில் வீட்டில் ஒரு குருவி இருக்காது.

முதல் ஐந்து நாள் சொர்க்கம்தான். மிருகக்காட்சிசாலை பார்த்தோம், ஆற்றங்கரையில் கப்பல் பார்த்தோம். பெண்கள் நீளச் சட்டை காற்றில் பறக்க சைக்கிளில் போவதை நான் வாய் பிளந்து பார்த்தேன். அவர் வழிகாட்டி மாதிரி முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். உண்மையைச் சொன்னால், ஐந்து நாளும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் சுற்றினேன். எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்று கவனிக்கவே இல்லை.

இங்கே அவருடைய பிடிவாதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரர்கள் போன பிறகு அந்த ஊர்ச் சர்க்கார் தெருப் பெயர்களை எல்லாம் தங்கள் பாஷையில் மாற்றிவிட்டது. இவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்பா கடிதத்தில் எழுதின பிரெஞ்சுப் பெயர்தான் தெருவுக்குப் பெயர். வீட்டுச் சொந்தக்காரர் புதுப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாராம். அதை எங்கோ செருகிவிட்டு, பழைய பெயரை எப்படி அழகாக உச்சரிப்பது என்று எனக்கு மூன்று நாள் பாடம் நடத்தினார்.

ஆறாம் நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்றார். கண்டதையும் தின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்று ஓமத்தைக் கொடுத்துத் திட்டினேன். பத்து மணிக்கு மேல் வலி வலப்பக்கம் அடிவயிற்றில் இறங்கியது. வாந்தி எடுத்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டரைக் கூப்பிடு என்று அவராகவே சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஊசிக்குப் பயந்து ஓடுகிற ஆள் அவர். ஒரு காகிதத்தில் வீட்டு விலாசம் எழுதிக் கொடுத்தார். முந்தாநாள் சந்தைப் பக்கம் பார்த்த மருந்துக்கடையில் போய்ச் சொன்னால் டாக்டரை அனுப்புவார்கள் என்றார்.

நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். அவர் கண் அசந்த நேரம், ஆளில்லாத வீடாயிற்றே என்று வெளியே பூட்டைப் போட்டேன். நம் ஊரில் காய்கறி வாங்கப் போனால் பூட்டுகிற பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது சாத்தியிருந்தது. அந்த ஊரிலும் நம் ஊர் மாதிரிதான், மதியம் எல்லாக் கடையையும் அடைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை. அவரிடமே திரும்பிவிடலாம் என்று நடந்தேன். நடக்க நடக்க எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்தது. நம் ஊர் புஷ்புஷ் வண்டி போல ஆளை முன்னால் உட்காரவைத்துப் பின்னாலிருந்து மிதிக்கிற வண்டிக்காரர் ஒருவரிடம் காகிதத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இன்னொருவர் ஏற்றிக்கொண்டு போய் வேறெங்கோ இறக்கிவிட்டார். பொஞ்சூர், மெர்சி இரண்டுக்கு மேல் எனக்குப் பிரெஞ்சும் தெரியாது. பாடம் படித்த தெருப் பெயரை வெயிலில் நின்று கத்திக் கத்திச் சொன்னேன். பலகைகளில் எல்லாம் வேறு பெயர்.

முந்தானையில் சாவி கனத்தது. அவர் எழுந்து கதவைத் தட்டினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. தண்ணீர் கேட்டாலும் கொடுக்க ஆள் இல்லை. நானே அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கண்ணில் பட்டது, செங்கல்லில் கட்டிய பெரிய கோவில், இரண்டு கோபுரத்தோடு. ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், மாதா சுரூபத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே பெஞ்சில் இருந்த இரண்டு மூன்று பேரும் செருப்புக் காலோடு இருந்தார்கள். நான் ஒருத்திதான் வெறுங்காலோடு தரையில் கிடந்தேன்.

ஜெபம் என்றா சொல்வது, அது சண்டை. “கானாவூர் கல்யாணத்துல ரசம் தீந்தப்போ யாரும் கேக்காமலே போய் நின்னவதானே நீ? நான் வாய்விட்டுக் கேக்கறேன், எனக்கு நிக்கமாட்டியா? நம்ம கோவில் ஆளு ஒருத்தரு, தமிழ் பேசற ஒருத்தரு, யாரையாவது அனுப்பு தாயே” என்று அழுதேன். ஜெபமாலை ஒரு சுற்று முடித்தேன். யாரும் வரவில்லை. இன்னொரு சுற்று ஆரம்பித்து, பாதியில் எழுந்துவிட்டேன். மாதாவும் கைவிட்டுவிட்டாள் என்ற முடிவோடுதான் வெளியே வந்தேன். இதை மறைக்காமல் சொல்கிறேன்.

வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, ஒட்ட வெட்டிய தாடி. என்னையும் என் காலையும் பார்த்தார்.

“ஏம்மா, பாண்டிச்சேரியா?” என்றார்.

பிறகு என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்த உடனே, “இந்தத் தெருவுக்குப் பேரு மாத்தி மூணு வருஷம் ஆவுது தங்கச்சி. நான் கூட்டிட்டுப் போறேன், வா” என்றார்.

அவர் காதர் பாய். முப்பது வருஷமாகச் சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நம் ஊர்க்காரர். கடையை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற வழியில் கோவில் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்திருக்கிறார். கட்டைவிரல் வளையம் வைத்து நம் ஊரில் தைத்த தோல் செருப்பு. அந்த ஊரில் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் யாரும் இல்லை. உள்ளே நம் ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெபம் செய்கிறவளைக் கூப்பிடக் கூடாது என்று வெயிலில் நின்றிருக்கிறார், செருப்பை யாரும் எடுத்துப் போகாமல் காவல் காத்துக்கொண்டு. நான் ஜெபமாலையின் முதல் மணியைத் தொட்டபோதே உதவி வாசலுக்கு வந்துவிட்டது. அது தெரியாமல் உள்ளே நான் மாதாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போகிற வழியிலேயே தமக்குத் தெரிந்த டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டார். மாடிப்படி ஏறினோம். முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன், பாய்தான் பூட்டைத் திறந்தார். என் வீட்டுக்காரர் கதவுக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தார். தட்டிப் பார்த்திருக்கிறார். நான் அலறினேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“பூட்டிட்டா போன செசிலி?” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருந்ததாம். ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் தப்பியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதைப் பாய் எனக்குத் தமிழில் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மாதாதான் உங்களை அனுப்பினாள் என்றேன். “இருக்கும்மா. மர்யம் அம்மா எங்களுக்கும் பெரியவங்கதான்” என்றார் அவர். ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும், அந்த ஊர்ப் பெண்ணான அவர் மனைவி அரிசிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரு பாஷையும் பொதுவாக இல்லை. ஆனாலும் ஓயாமல் பேசிக்கொண்டோம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மறுபடியும் சைகோனைச் சுற்றிப் பார்த்தோம். இந்தத் தடவை என் தோளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நடந்தார். ஆற்றங்கரைக்கும் சந்தைக்கும் வழி காட்டினவள் நான். ஒவ்வொரு முனையிலும் நின்று புதுப் பெயரைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னேன். வாத்தியார் மறுபேச்சில்லாமல் வாசித்தார்.

இன்று அவர் திடமாக இருக்கிறார், ஒரு நாள் லீவு போடாமல் பள்ளிக்கூடம் போகிறார். இங்கே சாரம் பகுதியில் இருக்கும் தம் அக்காவுக்குப் பாய் கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோனதிலிருந்து, அந்த வீடு எனக்குப் பிறந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் நான் நம் சபை ஆட்களைத் தவிர யாரோடும் ஒட்டாதவள், உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது பஸ் நிற்கிற இடத்தில் யாராவது வழி தெரியாமல் விழித்தால், என் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கஷ்டம் இருக்கும், பதில் வராத ஜெபம் இருக்கும். கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நம் கோவில் ஆளைத்தான் அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.