சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்தவர்

கமலவேணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பாராடாங் படகுத்துறைக்கு இக்கரையில், போலீஸ் காவலோடு வண்டிகள் ஒன்றாகக் காட்டைக் கடந்து ஊர் திரும்பும் கான்வாய் வரிசையில், என் வேனோடு இருந்தேன். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், இருபக்கமும் காடு. பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் பாபி வந்து சன்னலைத் தட்டி, "கமலா தீதீ நஹீ ரஹீ, பாய்" என்றார். காலையில் மாரடைப்பாம். பொழுது சாய்வதற்குள் எரியூட்டப் போகிறார்களாம். போலீஸ் தடுப்பைத் திறக்கும்வரை அங்கே யாரும் நகர முடியாது. வண்டிக்குள் சவாரி வந்த சென்னைக் குடும்பமொன்று குகை பார்த்த கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அபர்டீன் பஜாரில் ஒரு மாடிப்படியின் கீழே மேசை போட்டு அமர்ந்திருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் கமலவேணி அக்காவை நம் வண்டிக்காரர்கள் எல்லோரும் அறிவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் அவருடையது. பாலிசி முடியும் தேதியை நாம் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். "வண்டி ஓடுனாத்தான் ஒங்க வீட்ல ஒல கொதிக்கும்" என்று நினைவூட்டுவார்.

ஒருநாள் படகில் ஏற்றும்போது, முன்னால் நின்ற லாரி பின்னோக்கி உருண்டு என் வேனின் முகப்பை நசுக்கிவிட்டது. கைக்காசைப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எதற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"க்ளெய்ம் போடுங்க தம்பி. இதுக்கெல்லாம் ஒங்க பிரீமியம் ஏறாது" என்றார்.

போட்டேன். பாலிசியைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஏறி வந்த பிரீமியத்தைப் பார்த்துத் திகைத்துப்போனேன். க்ளெய்ம் கேட்காமல் ஓட்டிய வருடங்களுக்காகச் சேர்ந்திருந்த தள்ளுபடி அடியோடு போயிருந்தது. அது போகாமல் காக்கும் தனிப் பாதுகாப்பு என் பழைய பாலிசியில் இருந்தது, லாரி இடித்தபோது இருந்த பாலிசியில் இல்லை. அக்கா பழைய நினைப்பிலேயே சொல்லியிருந்தார்.

கிளை அலுவலகத்தில் கேட்டால், முடிவெடுப்பது கடல் தாண்டி மெயின்லேண்டில் என்றார்கள். மெயின்லேண்டுக்குப் போன் போட்டால், கிளையில் கேளுங்கள் என்றார்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதற்குக் கம்பெனி பொறுப்பாகாது என்பதை மட்டும் இரு பக்கமும் ஒரே மாதிரி சொன்னார்கள். வேறு கம்பெனிக்குப் போனாலும் இந்த க்ளெய்ம் கூடவே வரும். பாலிசி இல்லாமல் கான்வாயில் வண்டியை விடமாட்டார்கள். சீசன் நேரத்தில் வேன் பெரார்கஞ்சில் என் வீட்டு வாசலில் வெயில் காய்ந்தது. வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் பக்கமும் வழியில்லாமல், கடைசியில் கேட்டதைக் கட்டினேன்.

கட்டிவிட்டு அக்காவிடம் சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறக்குமுன்பே அவர் எழுந்துவிட்டார்.

"எந்தப் பிழைக்கு நீங்க கட்டுறீங்க? சொன்னது நானு. வாங்க, எழுதித் தாரேன்."

கிளை மேனேஜர் அவர் எழுதியதைப் படித்துவிட்டுத் தணிந்த குரலில், "சோச் லோ, தீதீ, யோசிச்சுக்கோங்க. இதுல கையெழுத்துப் போட்டா உங்க ஏஜென்சி போயிடும்" என்றார்.

எனக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இருந்தது, போட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது. "வேணாம்க்கா, நான்தான் கட்டிட்டேனே, விட்டுடுங்க" என்றேன்.

"நீங்க விட்டுருவீங்க. நான் எப்படி விடுறது?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டார்.

மாதங்கள் கழித்துக் கம்பெனி இறங்கிவந்தது. க்ளெய்ம் தொகையை நான் திருப்பிக் கொடுக்க, பழைய தள்ளுபடியைத் தந்து, கூடுதலாக வாங்கியதைத் திருப்பினார்கள். அதற்குள் அக்காவின் ஏஜென்சி ரத்தாகியிருந்தது. மாடிப்படியின் கீழே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று நான் எழுதமாட்டேன். "வீட்டுக்குள்ள அடச்சுப் போட்ட மாதிரி இருக்கு தம்பி" என்று ஒருமுறை சொன்னார். நான் கொண்டுபோன பணத்தைத் தொடவில்லை. "இத வாங்குனா, நான் உண்மைய வித்ததா ஆயிரும்." அந்த நன்றிக்கடனிலிருந்து வெளியே வர அவர் எனக்கு ஒரு வழியும் விடவில்லை. இனி விடவும் மாட்டார்.

பிரீமியம் ஏறாது என்று அன்று ஏன் சொன்னீர்கள் என்று மட்டும் ஒருநாள் கேட்டிருக்கிறேன். "தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு தம்பி. தெரியாததுகூட அவ்வளவு ஆபத்தில்ல. தெரிஞ்ச மாதிரி இருக்கிறதுதான் ஆபத்து."

அவர் போன மறுவாரம், என் வேனில் வந்த ஒரு முதியவர், நாளைக்குக் கப்பல் போகுமா என்று கேட்டார். வானம் தெளிவாகத்தான் இருந்தது. போகும் ஐயா என்று வாய் வரை வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டினேன். "சரியாத் தெரியலைங்க ஐயா. இருங்க, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று வழியிலிருந்த துறைமுக அலுவலகத்துக்குள் நடந்தேன். கமலவேணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.