சாஸ்தா கோயில் கரையும் ஆறாவது கொடியும்

வரைபடத்தின் மூலையில் அளந்த காலத்தைக் குறித்துவைப்பது என் வழக்கம். அந்த வருடத்துப் படத்தில் "மாசி, அறுப்புக்குப் பின்" என்றிருக்கிறது. பிசான நெல் அறுவடை முடிந்து அடுத்த நடவுக்குத் தண்ணீர் வருவதற்குள்தான் அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் ஆளை ஓடவிட முடியும்.

ஓரியண்டியரிங் என்பதை ஊரில் ஒவ்வொருவருக்கும் விளக்கியே அலுத்துப்போனேன். படமும் திசைகாட்டியும் கையில் கொடுப்போம். அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளை வரிசைப்படி தேடித் தொட்டு வரவேண்டும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியில் போவது என்பது ஓடுபவர் பாடு. தடம் போடுகிற என் வேலை, இரண்டு வழியும் சமமாகத் தோன்றி அவரை ஒரு நிமிடம் நிற்கவைப்பது. நம் வயற்காட்டில் அது வாய்க்காது. எங்கே கொடி கட்டினாலும் வாய்க்கால் கரையைப் பிடித்து நேரே ஓடிவிடுவார்கள்.

முழங்கால் வலி. இந்த வருடத்தோடு சரி என்று நண்பரிடம் சொல்லியிருந்தேன். அவர் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர்; ஓட வருகிறவர்களில் பாதிப்பேர் அவர் பிள்ளைகள். ஒரே ஒரு இடத்திலாவது அவர்களைத் தயங்க வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தது. மாசி முழுக்க வெயிலில் நடந்தும் அப்படி ஓர் இடம் அகப்படவில்லை. ஐந்தாவது கொடியைக் குளத்து மடையிலும், ஆறாவதை அதே குளக்கரையின் மறுகோடிப் பனைக்கூட்டத்திலும் போட்டுவிட்டுப் படத்தை அச்சுக்குக் கொடுத்தேன்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின ஞாயிறு பந்தயம். அதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, அந்தக் கரையிலிருக்கும் சாஸ்தாவுக்குப் பூசை வைக்கும் அண்ணாச்சி என்னை நிறுத்தினார். உத்திரத்துக்காகக் கோயிலில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்வே, நீரு செருப்பக் கையில தூக்கிட்டு இங்கன போறதும் வாறதுமா இருந்தீரு. வெவரமான ஆளுன்னுல்லா நெனச்சேன். இப்பம் ஷூப் போட்ட கூட்டத்தக் கொண்டாந்து கரையில ஓட விடப்போறீராமே?"

மடையருகே மருத மரம் வந்ததும் செருப்பைக் கழற்றுவது, கோயில் தாண்டிப் பனை வந்ததும் மாட்டிக்கொள்வது. அளக்கப் போன ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். கழற்றியதே நினைவில் பதியவில்லை. அப்புறம் படத்தில் எப்படி ஏறும்?

நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுபடி அச்சடிக்க நேரமில்லை, அண்ணாச்சி மாட்டேன் என்றால் பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது, நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்திவிடுகிறோம் என்று சொல்லத் திரும்பவும் அண்ணாச்சியிடம் போனேன். பேச்சை வளர்க்க எனக்கும் தெம்பில்லை.

"நான் யாரையும் போகாதேங்கலியே. கழத்திட்டுப் பைய நடந்து போகட்டும்," என்றார்.

புறப்படும் இடத்தில் அதை எல்லாரிடமும் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை நான் மருத மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். முதலில் வந்த பெண் கொடியைத் தொட்டாள். ஷூக் கயிற்றைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். வயல் பக்கம் திரும்பி அறுத்த நெல் தாள்களைப் பார்த்தாள். பிறகு வயலில் இறங்கிச் சுற்றி ஓடினாள். அடுத்தவள் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுடுகிற கரையில் வேகமாக நடந்தாள். இருவரும் ஏறக்குறைய ஒன்றாகப் பனையடிக்குப் போய்ச் சேர்ந்ததை இங்கிருந்தே பார்த்தேன். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே நின்றார்கள், ஒவ்வொருவராக.

முடிந்ததும் நண்பர், "எப்படி சார் இப்படி ஒண்ணு யோசிச்சீங்க? அடுத்த வருசமும் நீங்களே போட்டுருங்க," என்றார்.

சாயங்காலம் கொடிகளை அவிழ்க்கப் போனேன். பிள்ளைகளுக்கு வேறு வேலை இருந்தது. ஐந்தாவதை மடித்துப் பையில் வைத்துவிட்டு மருத மரத்தடியில் நின்றேன். அன்று செருப்பில்லை; முழங்காலுக்காக டாக்டர் போடச் சொன்ன, கயிறு வைத்த ஷூ. குனிந்து அவிழ்த்தால் அந்தப் பக்கம் போய் மறுபடி குனிந்து கட்டவேண்டும். வயலைச் சுற்றினால் தாள் குத்தும், வரப்பு ஏறி இறங்கவேண்டும்.

கோயில் நடையைச் சாத்திக்கொண்டிருந்த அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்னவே நிக்கீரு? வழி தெரியலியா?"

"தெரியுது அண்ணாச்சி," என்றேன். "ரெண்டும் தெரியுது."