வீணாகப் போன தண்ணீர்

எங்கள் ஊர் ஆற்றில் புதுக் கதவணை வந்ததற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்ச நாள் பெருமையாகக்கூட இருந்தது.

பழைய கதவணை பேருக்குத்தான் நின்றது. ஷட்டரை இறக்கினாலும் பக்கச்சுவர் வெடிப்பு வழியாகத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போகும். ஆற்று மட்டம் ஏறாது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் என் வயல் பக்கம் தண்ணீர் எட்டியும் பார்க்காது. இரண்டு வருஷம் தொடர்ந்து நாற்று கருகியதும் எனக்குப் பொறுக்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஊருக்கான மனுவை நானே எழுதினேன். ‘தண்ணீர் கசிந்து வீணாகிறது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். வயல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டினார்கள். ஒரு சொட்டு கசியவில்லை. அந்த வருஷம் என் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதைப் பார்த்து, வரப்பில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

புரட்டாசியில், நடவு முடிந்த மறுநாள், என் வயலில் நடவு நடுகிறவள் வீட்டுக்கு வந்தாள். குளத்துத் தெருக்காரி, சொந்தமாக வயல் கிடையாது.

“அக்கா, ஆத்துல தண்ணி நிறைஞ்சு போவுது, எங்க கொளத்துல சேறுதான் கெடக்கு. அடிபம்புலயும் காத்துதான் வருது. குளிக்க அடுத்த ஊருக்கு நடக்குறோம்.”

அவளோடு போய்ப் பார்த்தேன். வெடிப்பில் கசிந்த தண்ணீர் இத்தனை காலமும் கரையோர ஓடையில் இறங்கி நேராக அந்தக் குளத்துக்குத்தான் போயிருக்கிறது. ஓடை இப்போது காய்ந்து கிடந்தது. தினமும் அந்த வழியாகப் போய்வந்தவள் நான். வயலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. என் மேலேயே எரிச்சல் வந்தது. அதைக் கொண்டுபோய், கதவணை கட்டிய இஞ்சினியரிடம் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். “கசியுதுன்னு மனு குடுத்தீங்க. இப்ப கசியலன்னு சண்டைக்கு வந்திருக்கீங்க!” பிறகு ஃபைலைப் பிரித்து என் மனுவையே எடுத்து நீட்டினார். “இதுல கொளத்தைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காம்மா? இருந்திருந்தா கட்டும்போதே ஒரு குழாய் வச்சிருப்போம். இப்பவும் எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். நடக்கும்னு உறுதி சொல்ல முடியாது.”

மனுவை அவரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். யாரிடம் கையெழுத்து வாங்கினேன், யாரிடம் வாங்கவில்லை என்பதுதான் வழியெல்லாம் மனதில் ஓடியது.

மறுநாள் குளத்தங்கரையில் உட்கார்ந்து புது மனு எழுதினேன். அவள் படித்துக் காட்டச் சொன்னாள். ‘முன்பு கசிந்து வீணாகிய தண்ணீர்’ என்று படித்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வீணாவா போச்சு? எங்க கொளத்துக்குத்தானேக்கா வந்துச்சு?”

அந்தச் சொல்லை அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. வேறு தாள் எடுத்து, முதல் வரியிலேயே குளத்தை எழுதி, முதல் கையெழுத்தை அவளிடம் வாங்கினேன்.