யன்னலோரம் அடுக்கிய அரிசி

அரிசி மூட்டையைப் பிரிக்கும்போது எழும் தவிட்டு மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் யன்னலைத் திரும்பிப் பார்ப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தைவிட்டு வந்து குடியேறிய லூயிஷாமில் மூன்றாம் மாடி வீடு. சாமான் விலை ஏறப்போகிறது, சிலது கிடைக்காமலே போகலாம் என்று தொலைக்காட்சியில் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத் தன் பாட்டில் தேநீர் குடித்தது. பெற்றோல் அடிக்கும் செட்டில் வேலைபார்த்த அப்பா மட்டும், ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் தோளில் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார்.

அரிசி மட்டுமா? சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி என்று, யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எவையெல்லாம் கிடைக்கவில்லையோ அவையெல்லாம் வந்து சேர்ந்தன. மின்சார அடுப்பில் சமைக்கும் வீட்டுக்கு நாற்பது நெருப்புப்பெட்டி.

"உங்களுக்கென்ன விசரே?" என்றார் அம்மா.

"உமக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்க ஏலாது."

"தட்டுப்பாடு" என்ற சொல்லை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். வகுப்பில் ஒருவருமே பயப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. எங்களுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வந்தபோது என் அறை பகலிலேயே இருண்டு கிடந்தது. அப்பா என் கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவே, செங்கல் வைத்துக் கட்டுவதுபோல், கண்ணாடி மறையும்வரை மூட்டைகளை அடுக்கியிருந்தார். மற்றச் சுவரோரம் இடம் சும்மா கிடந்தது. அம்மா ஏசப்போகிறார் என்று பார்த்தேன். ஏசவில்லை.

"ஷெல்லடிக்குப் பதுங்கின பங்கருக்கு மண்மூட்டை அடுக்கினமாதிரி அடுக்கியிருக்கிறியள், தெரியுமே?" என்று மெல்லக் கேட்டார்.

அப்பா தன் கைகளையே பார்த்தார். "நான் யோசிக்கேல்லை. கை தானா அடுக்கிப்போட்டுது."

அதுவரை சோறு கிடைக்காது என்றுதான் பயந்திருந்தேன். அதன்பிறகு யன்னலால் என்ன வரும் என்று பயந்தேன். அப்பா அன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். வெறும் கண்ணாடி அதைவிட மோசமாக இருந்தது. பல மாதங்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நான் படுக்கவேயில்லை. விலை கொஞ்சம் ஏறியது, தட்டுப்பாடு வரவில்லை, அரிசியில் வண்டுதான் வந்தது.

இப்போது அப்பா இல்லை. அந்தக் கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள். போன கிழமை, மறுபடியும் விலை ஏறப்போகிறதென்று கைபேசியில் செய்தி பார்த்துவிட்டு, வெம்பிளிக் கடையில் ஒரு பை அரிசி வாங்கப் போனவள் மூன்று வாங்கிவந்தேன். நான் அப்பாவைப்போல் இல்லை என்று எனக்கே காட்டுவதற்காக, மூன்றையும் சமையலறை மூலையில்தான் வைத்தேன். பிறகு மகளின் அறைக்குப் போய், அவளுடைய கட்டிலை யன்னலைவிட்டுத் தள்ளி இழுத்துப் போட்டேன்.

"ஏனம்மா?" என்றாள்.

"குளிரும் பிள்ளை," என்றேன். அது ஜூலை மாதம், நல்ல கோடை.