மூன்றாம் கவுண்டரின் ஈரக் கைகள்

காப்பாற்றுவதற்கென்று செய்ததே கேடாக இருந்திருந்தால், அதைச் செய்த நாட்களில் இருந்த நிம்மதியை என்னவென்று சொல்வது?

பல்பொருள் அங்காடியின் மூன்றாம் கவுண்டரில் ஏழு ஆண்டுகளாக ரசீது கிழித்துக் கொடுத்தவளுக்கு இந்தக் கேள்வி கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் வந்தது. முதல் கரு தங்கவில்லை. அதனால் இம்முறை ஒவ்வொரு வாடிக்கையாளரும் போனதும் கிருமிநாசினி ஜெல்லைப் பிதுக்கிக் கைகளில் தேய்த்துக்கொள்வாள். ஈரம் காய்வதற்குள் அடுத்த ரசீது வந்துவிடும்.

பக்கத்துக் கவுண்டர்க்காரி சும்மா விடமாட்டாள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

“ஏம்மா, உன் புள்ள பொறக்கிறப்பவே கை கழுவிட்டுத்தான் வரும்போல.”

“உன் வாயக் கழுவ ஒரு பாட்டில் பத்தாது. வேலையப் பாரு.”

வெடித்திருந்த விரல்நுனிகளைப் பார்த்துத்தான் மருத்துவர் வேலையைப் பற்றி விசாரித்தார்.

“அந்த ரசீதுத் தாள்ல மை கிடையாதும்மா. சூடு பட்டா கறுக்கிற பூச்சு. அதுல இருக்கிற சில ரசாயனம் உடம்புக்குள்ள ஹார்மோன் மாதிரி வேஷம் போடும். ஜெல் ஈரத்தோட தொட்டா இன்னும் சுலபமா தோல் வழியா எறங்கிடும்.”

“அப்ப நானே உள்ள ஏத்திக்கிட்டேனா டாக்டர்?”

“எவ்வளவு போச்சு, என்ன பண்ணும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. இனிமே சோப்பு போட்டுக் கழுவுங்க. முடிஞ்சா வேற வேலைக்கு மாறிக்கோங்க.”

நிச்சயமான கெட்ட செய்தியென்றால் அழுது தீர்த்திருப்பாள். இது அழவும் விடவில்லை. வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியாமல், தண்ணீர் பாட்டில், முகப்பூச்சு, சமையலறை டப்பா என ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் இருந்த பொடி எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பிள்ளை அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம்.

கணவன் மேலாளரிடம் நடையாய் நடந்து, ரசீதே தொட வேண்டியிராத துணிப் பிரிவில் இருந்த ஒரே காலியிடத்தை வாங்கிவிட்டான். இடமாற்றத்துக்குக் கையெழுத்திட வேண்டிய காலையில் ஓய்வறையில் ரேடியோ பேசாமல் நின்றிருந்தாள்.

“என்ன, பேட்டரி தீந்துபோச்சா?”

“ரெண்டு மாசம்,” என்றாள் ரேடியோ. “மொதல் மாசங்கள்லதான் இந்த ரசீதுகிட்ட ரொம்ப பாத்துக்கணுமாமே. மேனேஜர்கிட்ட கேட்டேன். இருந்த ஒரு எடமும் போச்சுங்கிறார்.”

இருவரும் ஒருநாளும் சேர்ந்து சாப்பிட்டதுகூட இல்லை. இவள் மேலாளர் அறைக்குப் போய், துணிப் பிரிவை அவளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இதைத் தியாகம் என்று சொல்லிவிட முடியாது. வயிற்றில் இருந்த பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஏன் என்று கணவன் அன்றும் கேட்டான், பிறகு பலமுறையும் கேட்டான்.

“சாப்பாடு ஆறுது,” என்பாள்.