தேய்ப்புத் துணியின் மேல் விழுந்த பழி

கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் வெண்கொக்கு குளியல் இல்லத்தில், பெண்கள் பக்கத்தில், பத்தொன்பது வருடமாக முதுகு தேய்ப்பவள் மல்சுன். ஊரில் பாதிப் பெண்களின் முதுகு அவளுக்கு மனப்பாடம். என் முதுகும்தான். கறுப்பு உள்ளாடையோடு ஈரத் தரையில் நின்று, நம்மைப் பலகையில் கிடத்தி, சொரசொரப்பான துணியைக் கையில் மாட்டிக்கொண்டு அழுக்கை உருட்டி எடுப்பாள். வேலையின்போது பேச மாட்டாள். தோளில் இரண்டு தட்டு தட்டினால், திரும்பிப் படு என்று அர்த்தம்.

புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். தேய்த்துத் தேய்த்தே மகளைப் படிக்க வைத்தவள். தண்ணீரில் ஊறி ரேகையே அழிந்துபோன அந்தக் கைகளின் மேல்தான் பழியைப் போட்டார்கள். 

சந்திரப் புத்தாண்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. பழைய அழுக்கோடு புது வருடத்துக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். மல்சுனுக்கு அதுதான் அறுவடைக் காலம். வெந்நீர்த் தொட்டியில் நாங்கள் ஆறு பேர் கழுத்தளவு அமர்ந்திருந்தோம். பூக்கடை மிரான், மகன் பெயரை வைத்து நாங்கள் தோயுன் அம்மா என்று கூப்பிடுபவள், உடையைக்கூடக் கழற்றாமல் காலுறையோடு உள்ளே ஓடி வந்தாள்.

"மல்சுன் அக்கா! உன் துணியைக் காட்டு!"

"என்ன துணி?"

"ஊர் அழுக்கையெல்லாம் தேய்ச்சிட்டு என்னையும் தேய்ச்சியே, அந்தத் துணி! எனக்குக் கீழ மரு வந்திருக்கு. பால்வினை நோயாம். எனக்கு! பதினாறு வருஷமா ஒரே ஆம்பளையோட குடும்பம் நடத்துற எனக்கு! 'தேய்க்கிறவகிட்டதான் ஒட்டியிருக்கும்'னு எங்க வீட்டுக்காரர் கேட்ட உடனே சொல்லிட்டார்."

மல்சுன் சுவரைக் காட்டினாள். ஆணிகளில் ஆளுக்கொரு துணி, ஒவ்வொன்றிலும் பெயர் தைத்துத் தொங்கியது.

"உன்னோடது அதோ, சிவப்பு நூல். அதை வேற யார் உடம்பிலயும் வெச்சதில்ல. தினமும் கொதிக்க வெக்கிறேன். இன்னும் என்ன செய்யணும், சொல்லு!"

யாரும் அந்தத் துணிகளைப் பார்க்கவில்லை. தொட்டியிலிருந்து ஒவ்வொருத்தியாக விலாங்கு மீன் போல நழுவினாள். "பேரப்புள்ள இருக்கற வீடு, நமக்கெதுக்கு வம்பு" என்றாள் ஒருத்தி. நான்? வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருடம் என் முதுகு அறிந்த பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலைக்குள் முதலாளியம்மா பலகையின் மேல் காகிதம் ஒட்டிவிட்டாள்: தேய்ப்பு நிறுத்தப்பட்டது. "புத்தாண்டு வரைக்கும் பாக்கறேன் மல்சுன். பேச்சு அடங்கலேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

மறுநாள் காலை மல்சுன் என் கதவைத் தட்டினாள். "தொட்டியில ஊமையா உக்காந்திருந்தேல்ல? அந்தப் பாவத்துக்குச் சாட்சியா வா." என்னை இழுத்துக்கொண்டு பூக்கடைக்குப் போனாள். "பழி போட வாய் இருந்துச்சுல்ல தோயுன் அம்மா? பதில் கேக்கக் காதும் இருக்கட்டும். கிளம்பு, டாக்டர்கிட்டயே கேப்போம்."

மிரானின் சம்மதத்தோடு மூவரையும் உள்ளே உட்கார வைத்தார் டாக்டரம்மா.

"இது வைரஸால வருது. உறவு வெச்சுக்கும்போது அந்த இடத்துத் தோலோட தோல் உரசினாலே போதும், தொத்திக்கும். ஆணுறை போட்டா ஆபத்து குறையும், ஆனா மூடாத தோலும் இருக்குல்ல, முழுசா தடுக்காது. வெளிய மருவே தெரியாதவங்ககிட்டருந்தும் பரவும்."

"அப்போ துணி?" என்றாள் மல்சுன்.

"ஆளுக்கொரு துணி, அதையும் கொதிக்க வெக்கிறீங்க. உங்க துணி மேல பழி போட ஒரு முகாந்திரமும் இல்ல." மிரானிடம் திரும்பினார். "யார்கிட்டருந்து, எப்ப வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. சில வாரத்துலயும் மரு வரும், பல மாசம், வருஷம்கூட ஆகும். வீட்டுக்காரரையும் பரிசோதிக்கணும். மருவை எடுத்தாலும் திரும்ப வரலாம், பயப்படாதீங்க, மறுபடி எடுத்துடலாம். இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கு, தோயுனுக்குப் போடுங்க. பையன்தானேன்னு விடாதீங்க."

"அவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர். போன வசந்தத்துல மூலத்தைச் சுட்டு எடுத்தாங்க, அவ்வளவுதான்."

"எங்க எடுத்தாங்க?"

"ஜொன்ஜுல, அவர் வியாபாரத்துக்குப் போற ஊர்ல. மருந்துப் பையில பேர் இருந்துச்சு. அந்த... சிறுநீர்ப்பாதை டாக்டர்..."

அந்தச் சொல்லோடு மிரானின் வாய் அப்படியே நின்றது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"மூலத்துக்கு யாராச்சும் சிறுநீர்ப்பாதை டாக்டர்கிட்ட போவாங்களாடி?" என்றாள் மல்சுன். கோபமாகச் சொல்ல வந்தவள், பாதியில் குரல் தணிந்துவிட்டாள்.

"பதினஞ்சு நாள் சிப்பிக் கஞ்சி காய்ச்சி ஊட்டினேன் அக்கா," என்றாள் மிரான். "கரண்டி கரண்டியா ஊதி ஊதி ஊட்டினேன்."

அன்று அவள் கேட்டபோது, அவள் புருஷன், அந்த மீன்வலை வியாபாரி, மறுக்கக்கூட இல்லையாம். "வெளியூர் போற ஆம்பளைன்னா நாலும் இருக்கும்" என்றானாம். மருவைச் சுட்டு எடுத்ததை மூலம் என்று மறைத்து, மனைவியின் உடம்பில் விதைத்து, பழியை ஒரு கூலிக்காரியின் துணியில் துடைத்துவிட்டு, அவனால் சோறு தின்ன முடிந்திருக்கிறது! அதை நம்ப எங்களால் எவ்வளவு சுலபமாக முடிந்தது!

புத்தாண்டுக்கு முந்தைய நாள் தொட்டி நிரம்பி வழிந்தது. மிரான் உள்ளே வந்து நடுத்தரையில் நின்றாள். 

"எல்லாரும் கேளுங்க. எனக்கு வந்தது என் புருஷன்கிட்டருந்து. அக்கா துணியிலருந்து இல்ல. நான் சொன்னது பொய்ப் பழி."

முதலாளியம்மா ஓடி வந்து காகிதத்தில் கை வைத்தாள். "நில்லுங்க," என்றாள் மல்சுன். "எல்லாரும் பாக்கத்தானே ஒட்டினீங்க? எல்லாரும் பாக்கவே கிழிங்க." முதலாளியம்மா கிழித்தாள். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். "வரிசையில நில்லு," என்றாள் மல்சுன், என் பக்கம் திரும்பாமலே.

மிரான் தயங்கினாள். "அக்கா, டாக்டர் குளிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. முதுகு மட்டும்... தேய்ப்பியா?"

மல்சுன் ஆணிப் பக்கம் போனாள். சிவப்பு நூல் துணியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் தேய்த்தாள். பலகையில் முகம் புதைத்து மிரான் அழுதாள்.

"உன் புருஷனை ஒரே ஒரு தடவை இங்க படுக்கச் சொல்லு," என்றாள் மல்சுன். "தோலோட உரிச்சுத் தரேன்."

பிறகு மிரானின் தோளில் இரண்டு தட்டு தட்டினாள்.