ஹெபஸ்டஸும் எட்டாம் நம்பர் பிரஸ்ஸும்

கம்பெனி கேட்டில் நின்று நோட்டீஸ் கொடுக்கிற தொழிலில் சம்பளமும் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. கொடுத்த நோட்டீஸைப் படிக்காமலே கசக்கிப் போடுகிறவனைப் பார்த்துப் பல்லைக் கடித்த தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவன். பள்ளிப் படிப்பு ஐந்தாவதோடு சரி. மற்றதெல்லாம் நோட்டீஸ் படித்துக் கற்றது. ஆலையை மூடினார்கள், என் வாயை மூட முடியவில்லை.

புதுப் பலகை

பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகரப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று. அங்கே தகட்டை அழுத்தி வடிவெடுக்கும் எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் இரும்பு அச்சு கழன்று விழுந்து ஒரு தொழிலாளியின் கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டையூன்றி வந்தவரை, "நின்று வேலை செய்ய முடியாதவனுக்கு இங்கே இடமில்லை" என்று கேட்டிலேயே மறித்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை உள்ளே எத்தனையோ இருந்தது.

அதே வாரம் கேட்டுக்கு மேல் புதுப் பலகை ஏறியது: ஹெபஸ்டஸ். கம்பெனியின் பெயரைக் கிழித்துவிட்டுத்தான் நோட்டீஸைத் தொடங்குவது எங்கள் சங்கத்தின் வழக்கம். ஆகவே, பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் மேனேஜரிடம் அர்த்தம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஏதோ கிரேக்க சாமியாம் சார். முதலாளி ஃபாரின் போயிட்டு வந்து வச்சாரு. அர்த்தத்த யாரு பாக்கறாங்க, சவுண்டு நல்லாருக்குதில்ல?"

தூக்கி எறியப்பட்டவன்

எங்கள் தெருவே முசியே என்று அழைக்கிற ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். தடித்த அகராதியைப் புரட்டிவிட்டு, இந்தச் சொல்லுக்கு மூலமே பிடிபடவில்லை, கிரேக்கச் சொல்தானா என்பதே சந்தேகம் என்றார். வெளியிலிருந்து வந்து சேர்ந்த சாமியாக இருக்கலாமாம். ஒப்பந்தத் தொழிலாளி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கதையைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஹெபஸ்டஸ் கொல்லன். தேவர்களுக்கெல்லாம் ஆயுதம் அடித்துக் கொடுத்தவன். கால் ஊனமானவன். ஊனமாகப் பிறந்தான் என்று பெற்ற தாயே வானத்திலிருந்து தூக்கி எறிந்தாள் என்பது ஒரு கதை. தகப்பன் எறிந்ததில்தான் கால் போனது என்பது இன்னொன்று. அவன் சும்மா இருக்கவில்லை. தங்க நாற்காலி செய்து தாய்க்கு அனுப்பினான். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. தேவர்கள் எல்லாரும் வந்து கெஞ்சியும் மேலே வர மறுத்துவிட்டான். "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, ஒயினை ஊத்திக் குடுத்து, கழுதை மேல ஏத்திக் கொண்டாந்துட்டாங்க. நம்ப ஊர்ல நடக்காததா?"

இரண்டு பக்க நோட்டீஸ்

அன்றே எழுதினேன். 'நொண்டிச் சாமிக்குப் பலகை! கால் போன தொழிலாளிக்குக் கதவடைப்பா?' வானம், நாற்காலி, கழுதை எல்லாம் வந்தன. இரண்டு பக்கம். என் வாழ்நாளில் இப்படி ஒரு நோட்டீஸ் எழுதியதில்லை என்று கர்வமாகவே இருந்தேன். ஷிப்டு விட்டு வந்தவர்கள் வாங்கிப் படித்தார்கள், சிரித்தார்கள், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

கால் போனவர் கேட்டுக்கு எதிரே நின்றிருந்தார். முன்பக்கம் படித்தார், திருப்பிப் படித்தார், மறுபடி முன்பக்கம் படித்தார். முகம் கறுத்துப்போனது.

"சாமிக்கு ஆத்தா அப்பன் கதையெல்லாம் எழுதிருக்கீங்க. என் பேரு எங்க தோழரே?"

பலகை இறங்கியது

நோட்டீஸ் வேலை செய்தது. யார் மேல் என்று கேளுங்கள். முதலாளிக்கு அவமானமாகிவிட்டதாம். ஒரே வாரத்தில் பலகை இறங்கி, மூன்று ஆங்கில எழுத்து ஏறியது. எங்களை அழைத்து டீயும் கொடுத்தார்கள். "தொழிலாளி விஷயம்?" என்றேன். மேசையைத் தட்டிக் கேட்டேன். மேனேஜர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"பேரைத்தான் மாத்திட்டமே சார், இன்னும் இன்னா பிரச்சினை?"

நாலு வரி

அவர் பெயர் சாதிக் அலி. அதைக் கேட்டு எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உழவர்கரையில் அவர் வீட்டுக்கே போய், வெட்கத்தோடு உட்கார்ந்தேன். பழக்கதோஷம் விடவில்லை. சாதிக் என்றால் உண்மையானவன் என்று அர்த்தமாமே, அதிலிருந்தே தொடங்கலாமா என்றேன். கட்டையைத் தரையில் ஓங்கி ஊன்றினார்.

"அர்த்தத்த வுட்டுடுங்க தோழரே. மெஷின் நம்பரை எழுதுங்க."

பேக்கிங் பெண்கள்

எழுதினேன். சாதிக் அலி. எட்டாம் நம்பர் பிரஸ். கழன்று விழும் என்று அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மாற்றாத அச்சு. இன்று அதே மெஷினில் நிற்பது யார்? அவ்வளவுதான், நாலு வரி. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை எட்டாம் நம்பரில் நிற்க ஆளில்லை. பேக்கிங் பெண்கள் வெளியே வந்து கேட்டில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் சாதிக் அலியைக் கூப்பிட்டு டூல் ரூமில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். நஷ்ட ஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது.

அவர் உள்ளே போனபோது பேக்கிங் அக்கா ஒருவர் என்னிடம் திரும்பிச் சொன்னார்:

"இவ்ளோ நாளா பாய், பாய்னே கூப்ட்டுனு இருந்தோம். பேரு தெரிஞ்சப்பறம் எப்படிய்யா சும்மா போவ முடியும்?"

கிரேக்க தேவர்கள் அத்தனை பேரின் குடும்ப விவரமும் இன்றைக்கு எனக்குத் தலைகீழ்ப்பாடம். ஆனால் எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் அச்சை இன்னும் மாற்றவில்லை.